ராமானுஜன் கேட்ட கேள்வி... 6 மாதமாகியும் பதில் வரல! விடை என்ன தெரியுமா?

1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். பள்ளி வயதில் கார் என்பவர் தொகுத்த கணிதப் புத்தகம் கிடைத்தது. ஆயிரக்கணக்கான சூத்திரங்கள், ஆனால் முழு நிரூபணம் கிடையாது. ஒவ்வொன்றையும் தானே போட்டுப் பார்த்தார். மற்ற பாடங்களைக் கண்டுக்கவே இல்லை.

விளைவு? கும்பகோணம் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் போச்சு. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தும் எஃப்.ஏ. தேர்வில் ஃபெயில். டிகிரியும் இல்லை, வேலையும் இல்லை.

1911-ல் இந்திய கணிதக் கழக இதழின் கேள்விப் பகுதிக்கு ஒரு கணக்கு அனுப்பினார்:

√(1+2√(1+3√(1+4√(1+...

முடிவே இல்லாத இதன் மதிப்பு என்ன? 6 மாதமாகியும் யாரும் விடை அனுப்பல. கடைசியில் அவரே சொன்னார்: 3.

எப்படி? 3 என்பது √9. அந்த 9-ஐ 1+2×4 என எழுதலாம். 4 என்பது √16, அதாவது √(1+3×5). 5 என்பது √(1+4×6). இப்படியே போய்க்கிட்டே இருக்கும்.

1912-ல் சென்னை துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க் வேலை. 1914-ல் கேம்பிரிட்ஜ் பயணம். 1918-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ. 1920 ஏப்ரல் 26-ல் மறைந்தபோது வயது 32தான்.

அன்று பதில் வராத அந்தக் கணக்கை, இன்று ஒலிம்பியாட் போட்டிக்குத் தயாராகும் மாணவர்கள் போட்டுப் பழகுகிறார்கள்.