மின்சாரத்துக்குத் தராசு தந்தவர்: ஓட்டோ பிளாத்தி

வீட்டு முன்சுவரில் இருக்கும் பழைய மின்சார மீட்டரை நின்று கவனித்திருக்கிறீர்களா? கண்ணாடிக்குப் பின்னால் மெல்லிய வட்டத் தகடு ஒன்று சுழன்றுகொண்டே இருக்கும். அதன் விளிம்பில் ஒரு சிறு கோடு. வீட்டில் ஒரு விளக்கு மட்டும் எரிந்தால் அந்தக் கோடு நகர்வதே தெரியாது. இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் விறுவிறுவென்று ஓடும். ஈப்போவின் பழைய கடைவீடுகளிலும், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களாக இருந்து இன்று தாமான்களாக மாறிவிட்ட இடங்களிலும், நம் பெற்றோரும் தாத்தா பாட்டியும் இந்தத் தகடு காட்டிய கணக்குக்குத்தான் பணம் கட்டினார்கள்.

இந்த வகை மீட்டரை உருவாக்கியவர் ஹங்கேரி நாட்டுப் பொறியியலாளர் ஓட்டோ டிட்டுஸ் பிளாத்தி. 1889ஆம் ஆண்டு அவர் வகுத்த முறை, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் வீட்டு மின்சாரத்தை அளந்தது. இப்போது அதன் இடத்தில் ஸ்மார்ட் மீட்டர் வந்துகொண்டிருக்கிறது. பழைய மீட்டர் ஏன் இவ்வளவு காலம் நிலைத்தது என்பதைத் தெரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கை நமக்கு உதவும்.

வகுப்பில் இல்லாத பாடம்

பிளாத்தி 1860 ஆகஸ்ட் 11ஆம் தேதி ஹங்கேரியின் தாத்தா என்ற சிறு நகரில் பிறந்தார். வியன்னா தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்து 1882ல் பட்டம் பெற்றார். முதலில் ரயில்வே இயந்திரத் தொழிற்சாலையில் வேலை. 1883ல் புடாபெஸ்டில் இருந்த கான்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தார். அதன் மின்சாரப் பிரிவை நடத்தியவர் காரோய் சிப்பெர்னோவ்ஸ்கி.

பிளாத்தி படித்த படிப்பில் மின்சாரம் பாடமாக இருக்கவில்லை. வேலையில் சேர்ந்த பிறகு புத்தகங்களை வைத்துக்கொண்டு தாமே கற்றார். மேக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகள் அப்போது அறிஞர்களின் ஏடுகளில்தான் இருந்தன. மின் இயந்திரத்தின் இரும்பு எவ்வளவு கனமாக இருக்க வேண்டும், கம்பியை எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதைத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் அனுபவத்தை வைத்தே முடிவு செய்தன. பிளாத்தி அந்தச் சமன்பாடுகளிலிருந்து தொழிற்சாலைக்கு உதவும் கணக்கு முறையை உருவாக்கிக்கொண்டார். செய்து பார்த்துத் திருத்துவதற்கு முன்பே காகிதத்தில் கணக்கிட்டுவிடுவது அவருடைய வழக்கமாயிற்று.

இந்தப் பழக்கத்துக்கு விரைவிலேயே பலன் கிடைத்தது. 1885ல் சிப்பெர்னோவ்ஸ்கி, மிக்ஷா டேரி, பிளாத்தி ஆகிய மூவரும் மாறுதிசை மின்சாரத்தின் அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல கருவியை உருவாக்கிக் காப்புரிமை பெற்றனர். அதன் இரும்பு உள்ளகம் இடைவெளி இல்லாமல் மூடியிருக்க வேண்டும் என்பது பிளாத்தியின் யோசனை. ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்று நாம் இன்று சொல்லும் பெயரும் அவர் வைத்ததுதான். மின்சாரத்தைத் தொலைதூரம் அனுப்ப வழி பிறந்தது. ஆனால் அனுப்பிய மின்சாரத்தில் யார் எவ்வளவு பயன்படுத்தினார் என்று கணக்கெடுப்பது எப்படி?

கடைக்காரருக்கு மட்டும் தெரியும் தராசு

அதற்கு முன்பே அமெரிக்காவில் எடிசன் ஒரு மீட்டர் செய்திருந்தார். துத்தநாக உப்புக் கரைசல் உள்ள பாத்திரத்தில் இரண்டு துத்தநாகத் தகடுகள் இருக்கும். வீட்டுக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு அதன் வழியே செல்லும்போது ஒரு தகட்டிலிருந்து துத்தநாகம் கரைந்து மற்றதில் படியும். மாதம் ஒரு முறை நிறுவனத்தின் ஆள் வந்து தகடுகளை எடுத்துப்போய் எடை பார்த்துக் கட்டணம் எழுதுவார். குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடாமல் இருக்க உள்ளே ஒரு விளக்கையும் வைக்க வேண்டியிருந்தது.

கணக்கு சரியாக இருந்தாலும் வீட்டுக்காரரால் அதைப் படிக்க முடியாது. பில் வந்த பிறகுதான் தொகை தெரியும்.

இதன் கஷ்டம் பேராக் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு எளிதில் புரியும். பால்மரம் வெட்டியவர் வாளியில் கொண்டுவந்த பாலைக் கிராணி நிறுப்பார். மெட்ரோலாக் கருவியை விட்டு அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்ப்பார். அந்த எண்ணை வைத்துத்தான் கூலி. தராசின் முள் எங்கே நிற்கிறது என்பதை வெட்டியவரும் பார்க்க முடிந்தால் மனம் சமாதானப்படும். முடியாவிட்டால் எண் சரியாகவே இருந்தாலும் சந்தேகம் போகாது.

எடிசனின் மீட்டர் ஒருதிசை மின்சாரத்துக்கு மட்டுமே உதவும் என்பது இன்னொரு குறை. ஜெர்மனியில் ஹெர்மன் ஆரோன் ஊசல் கடிகாரங்களைக் கொண்டு ஒரு மீட்டர் செய்தார். துல்லியமானது, ஆனால் நுட்பமான பாகங்கள் அதிகம். 1888ல் அமெரிக்காவின் ஆலிவர் ஷாலென்பெர்கர் மாறுதிசை மின்சாரத்துக்கான சுழலும் மீட்டரைச் செய்தார். அது மின்னோட்டத்தை மட்டுமே எண்ணியது. விளக்குகளுக்கு அது போதும். மோட்டாருக்குப் போதாது. மோட்டாரில் மின்னோட்டமும் மின்னழுத்தமும் ஒன்றாக ஏறி இறங்குவதில்லை. அதனால் மின்னோட்டத்தை மட்டும் எண்ணினால், உண்மையில் செலவான ஆற்றலைவிடக் கணக்கு அதிகமாகிவிடும்.

1889: இரண்டு சுருள், ஒரு தகடு, ஒரு காந்தம்

பிளாத்தியின் மீட்டர் இந்த இடத்தில்தான் வேறுபட்டது. அதில் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்று வீட்டுக்குள் போகும் மின்னோட்டத்தை உணரும். மற்றது மின்னழுத்தத்தை உணரும். இரண்டின் காந்த விசையும் சேர்ந்து, நடுவில் உள்ள உலோகத் தகட்டில் மின்சுழிகளை உண்டாக்கி அதைத் தள்ளும். தள்ளும் விசை அந்த நேரத்தில் வீட்டில் உண்மையாகவே செலவாகும் மின்திறனுக்கு ஏற்ப இருக்கும்.

தள்ளிக்கொண்டே இருந்தால் தகட்டின் வேகம் கூடிக்கொண்டே போகும் அல்லவா? அதற்கு ஒரு நிலைக்காந்தம். தகடு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவுக்கு அந்தக் காந்தம் எதிர்த்து இழுக்கும். இரண்டும் சமமாகும் வேகத்தில் தகடு ஓடும். எனவே தகட்டின் வேகம் மின்திறனைக் காட்டும், சுற்றுகளின் எண்ணிக்கை மின்சக்தியைக் காட்டும். பற்சக்கரங்கள் அந்தச் சுற்றுகளை எண்களாக மாற்றும்.

இந்த மீட்டர் 1889 இலையுதிர்காலத்தில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் கான்ஸ் நிறுவனம் விற்பனையைத் தொடங்கியது. முதல் மீட்டர்கள் மரப்பலகையில் பொருத்தப்பட்டவை. எடை 23 கிலோ. தகடு நிமிடத்துக்கு 240 சுற்று சுழன்றது. அவ்வளவு வேகமாக ஓடினால் அச்சு விரைவில் தேயும். பின்னர் வந்த மீட்டர்களில் வேகம் பெரிதும் குறைந்தது. 1914க்குள் எடை 2.6 கிலோவாக இறங்கியது. ஆனால் அடிப்படை மாறவில்லை.

சுழலும் பாகம் ஒன்றுதான். அதைத் தள்ளுவதும் தடுப்பதும் எதுவும் அதைத் தொடுவதில்லை. தேய்மானத்துக்கு வழி குறைவு. முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடிய மீட்டர்கள் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்று மீட்டரின் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 600 என்று இருந்தால், 1000 வாட் கெண்டி மட்டும் ஓடும்போது தகடு நிமிடத்துக்குப் பத்துச் சுற்று சுற்ற வேண்டும். கைக்கடிகாரம் இருந்தால் பள்ளி மாணவர்கூட மீட்டரைச் சோதிக்கலாம். தராசின் முள் இப்போது இரு தரப்புக்கும் தெரிந்தது.

மலாயாவுக்கு வந்த மின்சாரம்

பிளாத்தியின் மீட்டர் வந்து ஐந்தே ஆண்டுகளில், 1894ல், சிலாங்கூரின் ரவாங்கில் லோக் இயூவும் கே. தம்புசாமி பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின் இயந்திரம் கொண்டுவந்தனர். நம் நாட்டு மின்சார வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பேராக்கில் கிந்தா பள்ளத்தாக்கின் ஈய வயல்களுக்கு மின்சாரம் பெருமளவில் தேவைப்பட்டது. 1930ல் பேராக் ஆற்றில் செண்டெரோ அணை மின் நிலையம் இயங்கத் தொடங்கியது.

தோட்டத்து லயங்களுக்கு வெளிச்சம் தாமதமாகத்தான் வந்தது. பல இடங்களில் தோட்ட நிர்வாகத்தின் ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடும். லெம்பாகா லெட்ரிக் நெகாராவின் இணைப்பு வந்த பிறகு வீட்டுக்கு ஒரு மீட்டரும் வந்தது. மின்சாரம் அதன் பின்னர் நிர்வாகம் தரும் சலுகையாக இல்லாமல், அளந்து வாங்கும் பொருளானது.

நகர்வுகளை முன்கூட்டியே பார்த்தவர்

பிளாத்தி மீட்டரோடு நின்றுவிடவில்லை. மின் உற்பத்தி இயந்திரங்கள், நீர்விசைச் சுழலிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள் எனத் தொடர்ந்து உழைத்தார். ரோம் நகருக்கு மின்சாரம் தந்த நிலையங்களிலும் அவர் பணி உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் அவர் பெயரில் உள்ளன.

சதுரங்க உலகிலும் அவர் பெயர் பெற்றவர். மற்றவர்கள் இரண்டு மூன்று நகர்வில் வெல்லும் புதிர்களை அமைத்தபோது, பிளாத்தி நூற்றுக்கணக்கான நகர்வுகளில் முடியும் புதிர்களை அமைத்தார். அவருடைய ஒரு புதிருக்கு 290 நகர்வுகள். 1939 செப்டம்பர் 26ஆம் தேதி புடாபெஸ்டில் அவர் காலமானார்.

ஸ்மார்ட் மீட்டருக்கு அவர் விட்டுச் சென்ற கேள்வி

பிளாத்தியின் தகட்டால் முடியாதவையும் உண்டு. எவ்வளவு என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. 2025 ஜூலை முதல் நம் நாட்டில் வீடுகளுக்கும் நேரத்துக்கேற்ற கட்டணத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி வந்திருக்கிறது. கூரையில் சூரியத் தகடு வைத்தவர் வாங்கியதையும் விற்றதையும் தனித்தனியே காட்ட வேண்டும். இவற்றுக்கு ஸ்மார்ட் மீட்டர்தான் பொருத்தம். மலாக்காவில் தொடங்கிய தெனாகா நேஷனலின் ஸ்மார்ட் மீட்டர் திட்டம் மற்ற மாநிலங்களுக்கும் விரிந்தது.

ஆனால் இது பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் உழைக்கும் என்று எதிர்பார்த்துச் செய்யப்படும் மின்னணுக் கருவி. அந்தக் காலத்துக்குள் அதைச் சுற்றியுள்ளவை மாறிவிடும். நம் நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியில் நிறுத்தப்பட்டது. அளக்கும் பாகமும் செய்தி அனுப்பும் பாகமும் பிரிக்க முடியாமல் ஒட்டியிருந்தால், வலை மாறும்போது நல்ல மீட்டரையே கழற்றி வீச நேரும். பிரிட்டனில் முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர்கள் பல, வாடிக்கையாளர் வேறு மின் நிறுவனத்துக்கு மாறியதும் ‘ஸ்மார்ட்’ தன்மையை இழந்து வெறும் மீட்டராகிவிட்டன. எல்லா நிறுவனங்களின் கருவிகளும் பேசும் பொது மொழியை முதலிலேயே வகுக்காததால் வந்த வினை அது.

துல்லியத்திலும் சிக்கல் உண்டு. 2017ல் நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்பது மின்னணு மீட்டர்களைச் சோதித்தனர். ஒளியைக் குறைக்கும் டிம்மர் சுவிட்சுடன் மின்சேமிப்பு விளக்குகளை இணைத்தபோது, ஐந்து மீட்டர்கள் உண்மையைவிட அதிகமாகக் காட்டின. மீட்டர்கள் அன்றைய தரவிதிகளுக்கு உட்பட்டவைதான். புதிய விளக்குகள் உண்டாக்கும் ஒழுங்கற்ற மின்னலைகளை அந்த விதிகள் கணக்கில் எடுக்கவில்லை.

பொருத்தும் விதத்திலும் கவனம் வேண்டும். இடியும் மழையும் மிகுந்த நம் ஊரில் மின்னணுக் கருவிக்கு நல்ல மின்காப்பும் நீர் புகாத பெட்டியும் தேவை. மின்சாரம் துண்டித்தாலும் கணக்கு அழியக்கூடாது. கைப்பேசிச் செயலியில் வரைபடம் தெரிந்தாலும், கைப்பேசி பழகாத பாட்டியும் படிக்கும்படி மீட்டரின் எண் கண்மட்டத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். அது இல்லாவிட்டால் எடிசனின் துத்தநாகத் தகட்டுக் காலத்துக்கே திரும்பிப் போகிறோம்.

எஸ்.பி.எம். முடித்துப் பொறியியல் படிக்கப் போகும் மாணவர்களே, இன்று பொருத்தப்படும் மீட்டர்களைப் பராமரிக்கவும், அடுத்ததை வடிவமைக்கவும் போவது உங்கள் தலைமுறை. வகுப்பில் சொல்லிக் கொடுக்காததைத் தேடிப் படித்த பிளாத்தியின் பழக்கம் அதற்குத் துணை நிற்கும். வீட்டில் இன்னும் தகடு சுழலும் மீட்டர் இருந்தால், அது மாற்றப்படும் முன் ஒரு நாள் கடிகாரத்தோடு நின்று அதன் சுற்றுகளை எண்ணிப் பாருங்கள். புதிய மீட்டர் வந்த பிறகு, அதையும் அதேபோல் சோதிக்க என்ன வழி இருக்கிறது என்று கேளுங்கள்.