ஆர்மோனியப் பெட்டியோடு வந்த சக்கரவர்த்தி

கள்ளக்குறிச்சியில் சேலம் பஸ் ஏறினால், சின்னசேலம் தாண்டி ஆத்தூர் போகும் வழியெல்லாம் வலது பக்கம் கல்வராயன் மலை கூடவே வரும். சேலத்தில் இறங்கி ஏற்காடு சாலையில் போனால் ஒரு பெரிய வளைவு நிற்கிறது. ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு மட்டும் மிச்சம். டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனியின் வாசல் அது.

அந்தக் கம்பெனிப் படங்களுக்கு இசை அமைத்தவர்களில் ஒருவர் ஜி. ராமநாதன். ரசிகர்கள் அவரைச் சங்கீதச் சக்கரவர்த்தி என்றார்கள்.

திருச்சியை அடுத்த பிச்சாண்டார்கோவில் அவருடைய ஊர். அண்ணன் சுந்தர பாகவதர் கதாகாலட்சேபம் செய்பவர். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிப்பார். பெரிய வித்துவான்கள் பலர் அந்தப் பெட்டியை மதிக்காத காலம் அது. அகில இந்திய வானொலி 1940-ல் அதற்குத் தடையே போட்டது! ஆனால் காலட்சேபத்துக்கு வருகிறவர்கள் வித்துவான்களா? வயலில் இறங்கி வேலை செய்துவிட்டு வருகிற ஜனங்கள். கதையும் நகர வேண்டும், ராகமும் மனதில் ஒட்ட வேண்டும். ராமநாதன் படித்த பெரிய பள்ளிக்கூடம் அதுதான்.

1944-ல் 'ஹரிதாஸ்' வந்தது. பாட்டு எழுதியவர் பாபநாசம் சிவன். பாடியவர் தியாகராஜ பாகவதர். வாத்திய இசையை அமைத்தவர் ராமநாதன். சென்னையில் அந்தப் படம் 3 தீபாவளிகளைக் கண்டது.

மலை உச்சியில் ஒரு பாட்டு

1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'மந்திரி குமாரி'யை எடுத்தது. கருணாநிதி வசனம், எம். ஜி. ஆர். கதாநாயகன். அதில் ஒரு காட்சியை மறக்க முடியாது. கொடியவனான கணவன், மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான். அவளைத் தள்ளிக் கொல்லத் திட்டம். இந்த இடத்தில் வேறொருவர் முரசை அதிர விட்டிருப்பார். ராமநாதன் இனிமையான காதல் மெட்டைப் போட்டார். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடினார்கள். பாட்டு இனிக்க இனிக்க, பார்க்கிறவர் நெஞ்சு பதறுகிறது. கடைசியில் கணவனைச் சுற்றி வந்து கும்பிடுவதாகச் சொல்லி, மனைவியே அவனைத் தள்ளிவிடுகிறாள்!

புதுக் குரல்

'பராசக்தி'யில் சிவாஜி கணேசனுக்குப் பாடியவர் சி. எஸ். ஜெயராமன். அந்தக் குரல்தான் பொருத்தம் என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, 1954-ல் 'தூக்குத் தூக்கி'க்கு டி. எம். சௌந்தரராஜனைப் பாட வைத்தார் ராமநாதன். பாட்டு எடுபடாவிட்டால் பழி இசை அமைப்பாளர் தலையில்தானே விழும்? எடுபட்டது. பாடுவது சிவாஜியேதானோ என்று ஜனங்கள் மயங்கினார்கள்.

அப்புறம் 'மதுரை வீரன்', 'அம்பிகாபதி', 'உத்தம புத்திரன்' என்று வரிசையாகப் படங்கள். 1958-ல் 'சாரங்கதரா'வில் சௌந்தரராஜன் பாடிய சாருகேசி ராகப் பாட்டு, ராகத்தின் பெயரே தெரியாதவர் வாயிலும் புகுந்தது. டூரிங் கொட்டகை மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்கு அவரே சங்கீத வாத்தியார் என்பது என் எண்ணம்.

'வீரபாண்டிய கட்டபொம்மன்' 1959-ல் வந்தது. மறு வருஷம் எகிப்து நாட்டுக் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் பரிசு. ராமநாதனுக்குச் சிறந்த இசை அமைப்பாளர் பரிசு. 1961-ல் 'கப்பலோட்டிய தமிழ'னில் பாரதியார் பாடல்களுக்கு இசை அமைத்தார்.

1963-ல் அவர் காலமானார். சௌந்தரராஜனே கதாநாயகனாக நடித்த 'அருணகிரிநாதர்' மறு வருஷம் வெளிவந்தது. இசை என்று அதில் இரண்டு பெயர்கள்: ஜி. ராமநாதன், டி. ஆர். பாப்பா.