கணக்கெழுதியவர் கட்டிய ஆலை

மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நமக்கு வில்லியம் கிராண்டின் வரலாறு அந்நியமானதன்று. ஸ்காட்லாந்து நாட்டு டஃப்டவுனில் 1839-ஆம் ஆண்டு பிறந்த இவர், இளமையில் மாடு மேய்த்தார்; செருப்புத் தைக்கப் பழகினார். 1866-இல் மார்ட்லக் விஸ்கி ஆலையில் கணக்கராக அமர்ந்து, பின்னர் மேலாளராக உயர்ந்தார். 20 ஆண்டுகள் பிறர் ஆலையில் உழைத்தவாறே சொந்த ஆலைக்கெனச் சிறுகச் சிறுகச் சேமித்தார்.

1886-இல், ஐம்பதை நெருங்கும் வயதில், அவ்வேலையைத் துறந்தார். கூலியாட்களுக்குப் பணமேது? ஏழு புதல்வரும் இரு புதல்வியரும் தோள்கொடுக்க, ஒரே கொத்தனாரைக் கொண்டு கற்சுவர் எழுப்பினார். காய்ச்சும் கலங்களைக் கார்டு ஆலையிலிருந்து பழையனவாக வாங்கினார். விலை 120 பவுனுக்குச் சற்றே குறைவு. 1887 கிறிஸ்துமஸ் நாளன்று கிளென்ஃபிடிக் ஆலையில் முதல் வடிப்பு வழிந்தது.

1923-இல் கிராண்ட் மறைந்தார். 1969-இல் அவர் சந்ததியார் ஆலையைப் பார்வையாளர்க்குத் திறந்துவிட்டனர். செல்வோர், பார்லிச் சாறு புளிக்கும் பெருமரத் தொட்டிகளையும், பளபளக்கும் செப்புக் கலங்களையும், ஆண்டுக்கணக்கில் பீப்பாய்கள் காத்திருக்கும் இருண்ட கிடங்குகளையும் காண்கின்றனர்.

மதுவை நாம் போற்றினோமில்லை. பிறர் கணக்கை எழுதிய கை, பிள்ளைகளின் கைகளோடு சேர்ந்து கல் சுமந்ததையே போற்றுகின்றோம்.