லிப்டன் எங்கே கொடுத்தார்?

ஹப்புத்தளைக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் தவறவிடாத இடம் 'லிப்டன் சீட்'. தம்பேதென்ன தோட்டத்துக்கு மேலே, தோமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் தேயிலைக் காணிகளைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மலைமுகடு அது. அங்கே அவருக்குச் சிலையும் உண்டு. அந்தப் பாதையின் இருபுறமும் கொழுந்து பறிப்பவர்கள் மலையகத் தமிழர்கள்.

லிப்டன் 1848இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், அயர்லாந்திலிருந்து வந்து குடியேறிய ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். பதின்ம வயதில் அமெரிக்கா சென்று, புகையிலைத் தோட்டத்திலும் நெல் வயலிலும் கூலி வேலை செய்தார். 1871இல் கிளாஸ்கோவில் தனது முதல் பலசரக்குக் கடையைத் திறந்தார். 1888 அளவில் அது சுமார் 300 கடைகளாகப் பெருகியிருந்தது.

இலங்கையில் இலைநோய் கோப்பிப் பயிரை அழித்ததால் காணிகளின் விலை விழுந்திருந்தது. 1890இல் இங்கு வந்த லிப்டன் தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர்களைத் தவிர்த்து, தன் தேயிலையைத் தன் கடைகளிலேயே மலிவாக விற்றார்.

பணம் சேர்ந்ததும் கொடுக்கவும் தொடங்கினார். 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவையொட்டி லண்டன் ஏழைகளுக்கு விருந்தளிக்கத் திரட்டிய நிதி போதாமற்போனபோது 25,000 பவுண் கொடுத்தார். அடுத்த ஆண்டு அவருக்கு 'சேர்' பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் அவரது நிறுவனத்தின் பங்குகளும் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன. லண்டனில் ஏழைகளுக்கான மலிவு உணவகத் திட்டத்துக்கு 100,000 பவுண் வழங்கினார். முதலாம் உலகப் போரில் அவரது உல்லாசக் கப்பல் சேர்பியாவுக்கு மருத்துவக் குழுக்களை ஏற்றிச் சென்றது. 1931இல் இறந்தபோது, செல்வத்தின் பெரும்பகுதியைக் கிளாஸ்கோவின் ஏழைகளுக்காக எழுதிவைத்திருந்தார்.

இந்தக் கொடைகளால் பலரின் பசி ஆறியது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அவை சேர்ந்த இடம், தேயிலை விற்ற ஊர். தேயிலை விளைந்த மலையில் அக்காலத்தில் இருந்தது லயன் அறையும் கங்காணியிடம் பட்ட கடனும். அந்தக் கடனைத் தீர்க்காத தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாதபடி 'துண்டு' முறை கட்டிவைத்திருந்தது. அந்த முறையை 1921இல் ஒழித்ததும், 1927இல் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழிசெய்ததும் சட்டங்களே. எந்த வள்ளலின் நன்கொடையும் அல்ல.

இன்றும் நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு என்ற பெயரில் பாடசாலைக்குக் கொப்பிகள் கொடுக்கின்றன, தண்ணீர்த் தாங்கி கட்டித் தருகின்றன, பெயர்ப்பலகையும் வைக்கின்றன. உதவி வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்த இலாபத்தை உழைத்துக் கொடுத்தவருக்கு நியாயமான சம்பளமும் இருக்க ஒரு வீடும் கிடைத்ததா என்பதே முதற் கேள்வி. கொடை அதற்குப் பிறகு வருவது. லிப்டனின் சிலைக்கு முன் நின்று படம் எடுப்பவர்கள், திரும்பி இறங்கும்போது லயன்களையும் ஒருமுறை பார்க்கலாம்.