பிடிலை நமதாக்கிய பாலுசுவாமி தீட்சிதர்

இசையரங்கிற் பாடுவோர்க்குப் பக்கத்தே பிடில் இருத்தல் இன்று இயல்பாகிவிட்டது. அது மேனாட்டினின்று வந்த விருந்து என்பதையே நாம் மறந்தோம். அவ்விருந்தை நம் வீட்டாருள் ஒருவராக்கிய பெருமையிற் பெரும்பங்கு பாலுசுவாமி தீட்சிதர்க்கு உரியது.

இவர் இராமசுவாமி தீட்சிதரின் இளைய புதல்வராய் 1786-ஆம் ஆண்டிற் பிறந்தார். முத்துசுவாமி தீட்சிதரும் சின்னசுவாமி தீட்சிதரும் இவர்தம் தமையன்மார். இக்குடும்பம் திருவாரூரினின்று சென்னைக்கு அணித்தாகிய மணலிக்குச் சென்று, முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தது. அவர் மைந்தர் வேங்கடகிருஷ்ண முதலியார் சகோதரர்களைக் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தைக் கேட்பித்தார். பிடிலில் உள்ளம் பறிகொடுத்த பாலுசுவாமிக்கு ஐரோப்பியர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தினார். மூன்றாண்டுகள் பயிற்சி நடந்தது.

முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு வர்ணமெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவை நோட்டுஸ்வர சாகித்தியங்கள் எனப்படும். ஆங்கிலச் சிறார் விண்மீனைப் பாடும் பழைய பிரெஞ்சு மெட்டில் நம் மதுரை மீனாட்சியைப் பாடியவர் அவரே. தம்பியார் ஏற்றதோ அதற்கு எதிர்மறையான தொழில். அயற்கருவியில் நம் இராகங்களைப் பெய்வது. இது எளிதன்று. நம் இசையின் உயிர் கமகத்தில் உள்ளது. சுரங்களைத் தனித்தனியே ஒலித்தல் மட்டும் போதாது. ஆயின் வீணைக்குள்ள மெட்டுகள் பிடிலுக்கு இல்லையாதலின், விரல் தந்தியின்மீது தடையின்றி வழுக்கிச் செல்லும். வில்லோ மிடற்றொலிபோல் நாதத்தை நீட்டும். இவ்விரு நலங்களையும் அவர் நம் இசைக்கு ஆக்கினார். இன்று நம்மவர் அமர்ந்து வாசிக்கும் முறையும், நான்கு தந்திகளையும் சட்ச பஞ்சமங்களாகக் கூட்டும் முறையும் மேனாட்டு வழக்கின் வேறாயின. கருவி மாறவில்லை, கையாளும் நெறியே மாறியது.

பின்னர்ச் சின்னசுவாமியும் பாலுசுவாமியும் மதுரைக்கு வந்தனர். இந்நகரிலேயே சின்னசுவாமி உயிர்நீத்தார். உடன்வந்த தமையனை இழந்து தனியரான பாலுசுவாமி இராமேசுவர யாத்திரை சென்றார். பின் எட்டயபுர மன்னரின் ஆதரவு பெற்று, அவ்வரசவை வித்துவானாய் அமர்ந்தார். துயரம் அவர் வில்லை ஓய்விக்கவில்லை. தம்பியிருக்கும் இடமறிந்து வந்த முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்திலேயே மறைந்தார். பாலுசுவாமி 1858 வரை வாழ்ந்தார். அவர்தம் மகள்வயிற்றுப் பெயரரும் சுவீகார புத்திரருமான சுப்பராம தீட்சிதர் 1904-இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டு, குடும்பத்தின் இசைச்செல்வம் அழியாது காத்தார்.

அன்பர்காள்! அயலார் கலையைக் கண்டு வெறுப்பாரும் உளர். கண்மூடி அதன்பின் செல்வாரும் உளர். பாலுசுவாமி இவ்விரு திறத்தாருள்ளும் சேர்ந்தாரல்லர். பணிவுடன் பயின்றார், தம் மரபை விடாது நின்றார். கல்லூரியிற் பல நாட்டுக் கலைகளையும் கற்கும் நமக்கு இதனினும் நல்ல வழிகாட்டி வேண்டுமோ?