சாரித்திர சக்கரவர்த்தி ஆசாரிய ஸ்ரீ சாந்திசாகரர்

இரயிலும் தந்தியும் பாரத நாடெங்கும் பரவி, உடல் வருந்தாமல் வாழும் வழிகள் பெருகத் தொடங்கிய காலத்தில், 1872ஆம் ஆண்டு சாத்கௌடா பிறந்தார். தந்தை பீமகௌடா பாட்டீல், பெல்காம் மாவட்டம் போஜ் கிராமத்தில் நிலபுலம் உடையவர். அன்னை சத்தியவதி. ஒன்பதாம் வயதில் நிகழ்ந்த பால்ய விவாகம், சில மாதங்களில் அச்சிறுமியின் மறைவோடு முடிந்தது. மறுமணத்திற்கு அவர் இசையவேயில்லை.

பதினெட்டாம் வயதளவில் துறவு வேட்கை எழுந்தது. பெற்றோர் விடை தரவில்லை. அவர்கள் உள்ளளவும் இல்லத்திலேயே இருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இக்காத்திருப்பை வீண் என்று எண்ணுவது பிழை. பிற்காலத்தில் வெளிப்பட்ட மனத்திட்பம் இங்குதான் விளைந்தது. குடும்பத்தின் துணிக்கடையில் தம்பி இல்லாத வேளைகளில், வந்தவர்களையே துணியை அளந்து கிழித்துக்கொண்டு கணக்கையும் எழுதிவைக்கச் சொல்வாராம். வயலில் கதிர் கொத்தும் பறவைகளை ஓட்டமாட்டார். வேதகங்கையும் தூதகங்கையும் கூடும் போஜில், ஆற்றைக் கடக்க வேண்டிய முனிவரைத் தம் தோளில் சுமந்து அக்கரை சேர்ப்பார். வசதி நிறைந்த வீட்டில் இருந்துகொண்டே, அவ்வசதியின் மீதிருந்த பற்றை ஒவ்வோர் இழையாக அறுத்துவந்தார்.

பெற்றோர் மறைந்தபின், 1915இல் உத்தூரில் தேவேந்திரகீர்த்தி முனிவரிடம் க்ஷுல்லக தீட்சை ஏற்றார். கிர்னாரில் பகவான் நேமிநாதர் திருமுன் ஐலக நிலையை மேற்கொண்டபின் வாகனம் ஏறுவதையும் விட்டார். 1920இல் யர்னாலில் நிர்க்கந்த முனிவரானபோது வயது நாற்பத்தெட்டு. உலகத்தார் ஓய்வை எண்ணத் தொடங்கும் பருவம். நாளுக்கு ஒரே வேளை, நின்றபடி, கையே கலமாக ஆகாரம். அதிலும் பல நாள் உபவாசம். 1924இல் சம்டோளியில் ஆசாரியரானார்.

1927இல் சங்கத்தோடு தென்னாட்டிலிருந்து சம்மேதசிகரம் நோக்கிப் புறப்பட்டார். இரயில் ஓடிய அதே நிலப்பரப்பை வெறுங்காலால் நடந்து கடந்தார். திகம்பர முனிவரைக் கண்டறியாத வடநாட்டு ஊர்கள் பல அவரை அப்போதுதான் கண்டன. தில்லியில் முனிவர்கள் வீதியில் நடக்கலாகாது என்று எழுந்த தடைக்கும் அவர் ஒதுங்கவில்லை. அந்நகரின் பெருங்கட்டடங்கள் முன் நின்று படம் எடுக்கவும் இசைந்தார். முனிவர் அங்கே நடமாடினர் என்பதற்கு அப்படங்களே சான்றாகுமன்றோ!

முதுமையில் கண்ணொளி மங்கியது. மற்றவர்க்கு இது துணையொருவரால் சமாளிக்கக்கூடிய குறை. முனிவர்க்கோ, நடக்கும் வழியிலும் கையிலிட்ட உணவிலும் சிற்றுயிரைக் காண இயலாதெனில் அகிம்சை மகாவிரதமே பங்கமுறும். உடலைப் பேணுவதா, விரதத்தைப் பேணுவதா என்ற வினாவிற்கு அவர் கலங்காமல் விடை கண்டார். 1955 ஆகஸ்ட் 14 அன்று குந்தல்கிரியில் சல்லேகனை ஏற்றார். ஆசாரியப் பதத்தை, தொலைவில் ஜெய்ப்பூரில் இருந்த சீடர் வீரசாகரருக்கு அளித்தார். இடையில் சில நாள் நீர் மட்டும் கொண்டார்; பின் அதையும் நீத்தார். செப்டம்பர் 8 அன்று, உடல் மெலிந்து ஒடுங்கிய நிலையில், கூடியிருந்தோர்க்கு மராத்தியில் அறவுரை வழங்கினார். அது ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்யப்பட்டது. பத்து நாள் கழித்து, செப்டம்பர் 18 காலையில், அமைதியாக உடல் நீத்தார்.