ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் ‘கியாரி’: யார் இந்த ஹான்ஸ் கியாரி?

தலைவலிக்காக எம்.ஆர்.ஐ எடுத்த சிலருக்கு, ரிப்போர்ட்டில் ‘கியாரி மால்ஃபர்மேஷன்’ என்று ஒரு வரி வரும். உடனே மொபைலில் தேடுவோம். முதலில் கண்ணில் படுவது ஆபரேஷன் படங்களாக இருக்கும். அவ்வளவுதான், அன்று ராத்திரி தூக்கம் போச்சு!

அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஹான்ஸ் கியாரி. எக்ஸ்ரேகூட இல்லாத காலத்தில் இந்தக் குறைபாட்டை வகை பிரித்து எழுதியவர். அவர் கதை தெரிந்தால், அந்த ஒரு வரியை எப்படிப் படிக்கணும் என்பதும் புரியும்.

டாக்டர் வீட்டுப் பிள்ளை

1851 செப்டம்பர் 4-ம் தேதி ஆஸ்திரியாவின் வியன்னாவில் பிறந்தார் ஹான்ஸ். அப்பா யோஹான் பாப்டிஸ்ட் கியாரி, பெண்கள் நல மருத்துவர். 1854-ல் காலரா அவர் உயிரைப் பறித்தது. ஹான்ஸுக்கு அப்போது சுமார் 3 வயதுதான்.

அப்பா இல்லாமல் வளர்ந்த அண்ணன், தம்பி இரண்டு பேருமே டாக்டர் ஆனார்கள். தம்பி ஓட்டோக்கர் மூக்கு, தொண்டை சிகிச்சையில் பெயர் வாங்கினார். அண்ணன் ஹான்ஸ் தேர்ந்தெடுத்தது பிரேதப் பரிசோதனை மேஜையை.

அன்றைய வியன்னாவில் அது சாதாரண வேலை இல்லை. ஒருவர் எதனால் இறந்தார் என்பதை உடலைத் திறந்து பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அந்தத் துறையின் ஜாம்பவான் கார்ல் ரோகிடான்ஸ்கி. அவரிடமும், அடுத்து ரிச்சர்ட் ஹெஷ்லிடமும் உதவியாளராக இருந்து தொழில் கற்றார் ஹான்ஸ். 1882-ல் பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே நோய்க்குறியியல் பேராசிரியராக 20 வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்தார்.

1891: அந்த 17 வயதுப் பெண்

நம் மண்டையோட்டின் அடியில் ஒரு பெரிய துளை இருக்கிறது. மூளையும் தண்டுவடமும் சேரும் வாசல் அது. அதற்கு மேலே, பின்பக்கத்தில் இருக்க வேண்டியது சிறுமூளை. நாம் தடுமாறாமல் நடக்க உதவுவது இதுதான்.

சிலருடைய உடலில் இந்தச் சிறுமூளையின் கீழ்ப்பகுதி அந்தத் துளை வழியாகக் கழுத்துக்குள் இறங்கியிருப்பதைப் பார்த்தார் கியாரி. 1891-ல் அதை மூன்று வகையாகப் பிரித்து எழுதினார். சிறுமூளையின் அடி நுனி மட்டும் இறங்கினால் முதல் வகை. கூடவே மூளைத்தண்டின் பகுதியும் இறங்கினால் இரண்டாவது. இது பெரும்பாலும் முதுகில் தண்டுவடம் மூடாமல் பிறக்கும் குழந்தைகளிடம் காணப்படுவது. கழுத்தின் பின்னால் ஒரு பைக்குள் சிறுமூளை பிதுங்கினால் மூன்றாவது, ரொம்ப அரிது. 1896-ல், சிறுமூளை சரியாக வளராத நிலையை நான்காவதாகச் சேர்த்தார்.

முதல் வகைக்கு அவர் உதாரணமாகக் காட்டியது டைபாய்டு காய்ச்சலில் இறந்த 17 வயதுப் பெண்ணை. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சிறுமூளை கீழே இறங்கியிருந்தும், அதனால் வரக்கூடிய எந்தத் தொந்தரவும் உயிரோடு இருந்தவரை அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

காரணம் சொன்னதில் சறுக்கல்

இது ஏன் நடக்கிறது? மூளைக்குள் நீர் கோத்து, அந்த அழுத்தம் சிறுமூளையைக் கீழே தள்ளுகிறது என்று நினைத்தார் கியாரி. அது முழுக்கச் சரியில்லை. முதல் வகை உள்ள பலருக்கு நீர்கோப்பே இருக்காது. மண்டையோட்டின் பின்பகுதி சின்னதாக அமைந்து, சிறுமூளைக்கு இடம் போதாமல் போவதே முக்கியக் காரணம் என்கிறது இன்றைய மருத்துவம்.

முதலில் பார்த்தவரும் அவர் இல்லை. 1883-லேயே ஜான் கிளீலண்ட் இதுபோன்ற நிலையை எழுதியிருந்தார். 1894-ல் ஜூலியஸ் ஆர்னால்டு ஒரு குழந்தையைப் பற்றி எழுதினார். 1907-ல் ஆர்னால்டின் மாணவர்கள் இருவர் பெயரையும் சேர்த்து ‘ஆர்னால்டு-கியாரி’ என்றார்கள். கிளீலண்ட் பெயர் விட்டுப்போனது. ஆனாலும் வகை பிரித்து ஒழுங்குபடுத்தியவர் கியாரி என்பதால் அவர் பெயர் நிலைத்தது. கல்லீரல் ரத்தக்குழாய் அடைபடும் ‘பட்-கியாரி’ நோயிலும் இருப்பது இவரேதான்.

1906-ல், அப்போது ஜெர்மனி வசம் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகருக்கு மாறினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916 மே 6-ம் தேதி, 64 வயதில் தொண்டைத் தொற்றால் அங்கேயே காலமானார்.

இன்று நாம் என்ன செய்யணும்?

கியாரி இறந்தவர்களிடம் மட்டுமே பார்த்ததை, எம்.ஆர்.ஐ வந்த பிறகு உயிரோடு இருப்பவர்களிடம் பார்க்கிறோம். சிறுமூளை நுனி 5 மி.மீ அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் பொதுவாக முதல் வகை என்பார்கள். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிவது அதிகம். எந்தத் தொந்தரவும் இல்லை என்றால், பலருக்கு ஆபரேஷன் தேவைப்படாது. கண்காணிப்பே போதும்.

ஆனால் இருமினால், தும்மினால், முக்கினால் பின்தலையில் சுருக்கென்று வலிக்கிறதா? கை மரத்துப்போகிறதா? சூடு, குளிர் சரியாகத் தெரியவில்லையா? விழுங்கக் கஷ்டமாக இருக்கிறதா? நரம்பியல் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீங்க. தண்டுவடத்துக்குள் நீர் கோத்து நரம்புகள் பாதிக்கப்படலாம். குழந்தைகளுக்கு முதுகெலும்பு வளைவதுகூட இதன் அறிகுறியாக இருக்கலாம். தேவைப்பட்டால், பின்மண்டையில் கொஞ்சம் எலும்பை எடுத்து இடம் உண்டாக்கும் ஆபரேஷன் செய்வார்கள்.

இரண்டாவது வகையைப் பொறுத்தவரை, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே டாக்டர் சொன்னபடி ஃபோலிக் அமிலம் எடுத்தால், தண்டுவடம் மூடாமல் போகும் அபாயம் பெருமளவு குறையும்.

ரிப்போர்ட்டில் ‘கியாரி’ என்று இருந்தால், அந்த 17 வயதுப் பெண்ணை ஒருமுறை நினைச்சுக்கோங்க. சிறுமூளை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை மட்டும் ஸ்கேன் சொல்லும். அது உங்களை என்ன செய்கிறது என்பதை, நீங்கதான் டாக்டரிடம் சொல்லணும்.